அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் ரோபாட்டிக்ஸ் அணி: முதல் மூன்று ஆண்டுகளுக்கான முழுமையான வழிகாட்டி

சான் ஹோசே, டாலஸ், நியூ ஜெர்சி என்று தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த பகுதிகளில், பிள்ளை ஒன்பதாம் வகுப்புக்குப் போகும் ஆண்டில் வீட்டில் எழும் கேள்விகளுள் ஒன்று, அந்தப் பள்ளியில் ரோபாட்டிக்ஸ் அணி இருக்கிறதா என்பது. இல்லையென்றால் நாமே ஒன்றைத் தொடங்கிவிடலாமே என்ற யோசனையும் உடன் வந்துவிடுகிறது. அப்படித் தொடங்க நினைக்கும் பெற்றோர், ஆசிரியர், மாணவர் ஆகியோருக்காக எழுதப்பட்டது இது. எஃப்ஆர்சி என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் போட்டிக்கு ஓர் அணியை உருவாக்கி, முதல் மூன்று பருவங்களைக் கடக்கச் செய்வது எப்படி என்பதே இதன் பொருள்.

போட்டியை அறியாதவர்களுக்குச் சுருக்கமான அறிமுகம் தேவை. டீன் கேமன் 1989இல் நிறுவிய ஃபர்ஸ்ட் அமைப்பு, 1992இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் மான்செஸ்டர் நகரில், ஓர் உயர்நிலைப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் 28 அணிகளைக் கொண்டு முதல் போட்டியை நடத்தியது. இன்று ஆயிரக்கணக்கான அணிகள் பங்கேற்கின்றன. ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி மாதத்தின் முதல் அல்லது இரண்டாம் சனிக்கிழமை புதிய விளையாட்டு அறிவிக்கப்படும். மூன்று அணிகள் ஒரு கூட்டணியாகச் சேர்ந்து, எதிரே மூன்று அணிகளோடு மோதும். ஓர் ஆட்டம் ஏறத்தாழ இரண்டரை நிமிடம். அதன் தொடக்கச் சில நொடிகளில் ரோபோ தானாக இயங்க வேண்டும், பிறகு மாணவர்கள் அதை இயக்குவார்கள். பிப்ரவரி இறுதியிலிருந்து ஏப்ரல் வரை வட்டாரப் போட்டிகள் நடக்கும். அவற்றின் உச்சமாக ஹியூஸ்டனில் இறுதிப் போட்டி நடக்கும்.

அணிகள் கலைவதற்கு மோசமான ரோபோ காரணமாக இருப்பது அரிது. தொடங்கிய மாணவர்கள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் போகிறார்கள். அவர்களோடு அவர்கள் பெற்றோரும் போகிறார்கள். அறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதுகூடத் தெரியாமல் அணி நின்றுவிடுகிறது. அதனால், இந்த வேலையை அடுத்த ஆண்டு யார் செய்வார்கள் என்ற கேள்வியைக் கீழ்வரும் ஒவ்வொரு படியிலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: எந்தப் போட்டி என்று முடிவு செய்தல்

எஃப்ஆர்சி மிகப் பெரியது, செலவும் மிக அதிகம். அதே அமைப்பு நடத்தும் எஃப்டிசி, அதாவது ஃபர்ஸ்ட் டெக் சாலஞ்ச், ஏழாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கானது. அதில் ரோபோ ஆட்டத்தின் தொடக்கத்தில் 18 அங்குலக் கனசதுரத்துக்குள் அடங்க வேண்டும். ஒரு வகுப்பறை மூலையிலோ வீட்டுக் கராஜிலோ கட்டிவிடலாம். செலவும் பல மடங்கு குறைவு. வேறோர் அமைப்பு நடத்தும் வெக்ஸ் ரோபாட்டிக்ஸ் போட்டியும் ஏறக்குறைய அந்த அளவினதே. பத்து மாணவர்களுக்குக் குறைவாக இருந்தாலோ, நிரந்தரமான அறை இல்லாவிட்டாலோ, உலோக வேலை தெரிந்த ஒரு பெரியவர்கூடக் கிடைக்காவிட்டாலோ, முதல் ஆண்டை எஃப்டிசியில் கழிப்பதே அறிவுடைமை என்பேன். அதை ஒரு படி இறக்கமாகப் பார்க்கும் பெற்றோர் உண்டு. ஆனால் சிறிய ரோபோவில் நிரலும் வயரிங்கும் பழகிய மாணவர்கள் எஃப்ஆர்சிக்கு வரும்போது, அந்த அணி முதல் பருவத்திலேயே நிமிர்ந்து நிற்கிறது.

முடிவை வசந்த காலத்திலேயே எடுத்துவிடுங்கள். செப்டம்பரில் யோசிக்கத் தொடங்கும் அணிக்குப் பணம் திரட்டவும் நேரமிராது, பயிற்சிக்கும் நேரமிராது.

படி 2: பள்ளியும் பெரியவர்களும்

பள்ளி முதல்வரைச் சந்திக்கப் போகும்போது ரோபோவின் படங்களைக் காட்டிப் பயனில்லை. அவர் கேட்கப் போவது, மாலை ஏழு மணிக்குக் கட்டடத்தில் யார் இருப்பார்கள், காயம் பட்டால் யார் பொறுப்பு, பணம் எந்தக் கணக்கில் வரும், எந்த அறை வேண்டும் என்பன போன்றவை. இவற்றுக்கு ஒரு பக்கத்தில் பதில் எழுதிக்கொண்டு போங்கள். குறைந்தது ஓர் ஆசிரியர் அணியின் பொறுப்பாளராக இசைய வேண்டும்; அவர் இயற்பியல் ஆசிரியராக இருக்க வேண்டும் என்பதில்லை. நூலகரோ வரலாற்று ஆசிரியரோ பொறுப்பேற்று நன்றாக நடக்கும் அணிகள் உண்டு, ஏனெனில் அந்த இடத்துக்கு வேண்டியது பள்ளி அலுவலகத்தின் நடைமுறைகளை அறிந்த ஒருவர்.

அணிக்குத் துணை நிற்கும் பெரியவர்களை எல்லோரும் மென்டர் என்றே அழைக்கிறார்கள். பின்னணிச் சோதனை முடித்த இரண்டு பெரியவர்களைத் தலைமைப் பொறுப்பில் பதிவு செய்ய வேண்டும் என்பது ஃபர்ஸ்ட் அமைப்பின் விதி. விதிக்கு இரண்டு போதும். நடைமுறைக்கு நான்கைந்து பேர் வேண்டும். நம் சமூகத்தில் நிரல் எழுதத் தெரிந்த பெற்றோருக்குப் பஞ்சமில்லை, மின்பொறியியல் படித்தவர்களும் கிடைப்பார்கள். அலுமினியக் குழாயை நேராக அறுத்து, சரியான இடத்தில் துளையிடக் கற்றுத்தரும் ஆள்தான் அருமையாகக் கிடைப்பார். உள்ளூர் மெஷின் ஷாப், சமூகக் கல்லூரியின் தொழிற்பயிற்சித் துறை, ஓய்வுபெற்ற டூல் மேக்கர்கள் என்று நம் வழக்கமான வட்டத்துக்கு வெளியே தேடிப் போங்கள். அப்படி ஒருவர் கிடைத்துவிட்டால் அவருக்கு ஏற்ற நாளிலேயே கூட்டத்தை வையுங்கள்.

மென்டர் எவ்வளவு செய்யலாம் என்பது பழைய சண்டை. மாணவர்கள் மட்டுமே கட்ட வேண்டும் என்பார் சிலர்; பெரியவர்களோடு சேர்ந்து கட்டினால்தான் கற்க முடியும் என்பார் வேறு சிலர். முதல் ஆண்டில் பெரியவர் ஒரு முறை செய்து காட்டுவதும், மாணவர் அதையே அவர் முன்னிலையில் திரும்பச் செய்வதும் சரியான அளவு. ரோபோ நள்ளிரவில் ஒரு தந்தையின் மடிக்கணினியில் மட்டும் சரியாகிவிட்டால், அடுத்த ஆண்டு அதைச் சரிசெய்ய அணியில் ஆளிருக்காது.

படி 3: பணம்

ஓர் எஃப்ஆர்சி அணியின் பதிவுக் கட்டணம் அண்மைய ஆண்டுகளில் 6,000 டாலரை ஒட்டியோ அதற்குச் சற்று மேலோ இருந்துவருகிறது. அதில் ஒரு வட்டாரப் போட்டியும் (மாவட்ட முறை உள்ள மாநிலங்களில் இரண்டு போட்டிகளும்) அடிப்படைப் பாகங்கள் அடங்கிய கிட்டும் அடங்கும். அதற்கு மேல் மோட்டார், கியர்பாக்ஸ், அலுமினியம், உதிரி பேட்டரிகள், கருவிகள், போட்டிக்குப் போய்வரும் செலவு எல்லாம் உண்டு. போட்டி வீட்டுக்குப் பக்கத்திலேயே நடந்தால், புதிய அணி 12,000 முதல் 15,000 டாலர் வரை திட்டமிடுவது பாதுகாப்பானது என்பது என் கணிப்பு. விடுதியில் தங்க வேண்டியிருந்தால் இந்தக் கணக்கு எகிறிவிடும்.

இந்தத் தொகைக்கு வழி இருக்கிறது. நாசா நீண்ட காலமாக எஃப்ஆர்சி அணிகளுக்கு நிதி வழங்கி வந்திருக்கிறது. மிச்சிகனில் மாநிலக் கல்வித் துறையும், டெக்சாஸில் மாநிலத் தொழிலாளர் ஆணையமும் ரோபாட்டிக்ஸ் அணிகளுக்கு உதவித்தொகை அளித்து வந்துள்ளன. இவற்றுக்கான விண்ணப்பக் கெடு பெரும்பாலும் இலையுதிர் காலத்திலேயே முடிந்துவிடும் என்பதால், கோடை விடுமுறையில் விண்ணப்ப வரைவை எழுதி முடித்துவிட வேண்டும்.

பலர் கவனிக்காத ஒரு வழி, பெற்றோர் வேலை செய்யும் நிறுவனங்களின் தன்னார்வ நேர ஈட்டுத் திட்டம். ஊழியர் ஒருவர் ஓர் அறப்பணி அமைப்புக்குத் தன் நேரத்தைக் கொடுத்தால், மணிக்கு இவ்வளவு என்று நிறுவனம் அந்த அமைப்புக்குப் பணம் அனுப்பும். பருவம் முழுவதும் வாரம் பத்து மணி நேரம் பட்டறையில் நிற்கும் மூன்று மென்டர்கள், இந்த வழியில் மட்டுமே பதிவுக் கட்டணத்தில் கணிசமான பகுதியைக் கொண்டுவந்துவிட முடியும். இதற்கு அணியின் பணம் வரிவிலக்குப் பெற்ற அமைப்பின் வழியாகப் போக வேண்டும். பள்ளியின் அறக்கட்டளையோ, பள்ளிச் செயல்பாடுகளுக்குப் பணம் திரட்டப் பெற்றோர் ஏற்கெனவே நடத்தும் பூஸ்டர் கிளப்போ இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். முதல் ஆண்டிலேயே தனி அமைப்பைப் பதிவு செய்யும் வேலையில் இறங்கினால், அந்தத் தாள் வேலையிலேயே ஒரு நல்ல மென்டரை இழந்துவிடுவீர்கள்.

உள்ளூர்க் கடைகளிடமும் உணவகங்களிடமும் மாணவர்களே போய்க் கேட்கட்டும். பணம் தராத மெஷின் ஷாப் மிச்ச அலுமினியம் தரும், அது பணத்துக்குச் சமம். நன்றிக் கடிதத்தோடு பருவ முடிவில் ரோபோவை அவர்கள் கடைக்கே எடுத்துப் போய் ஓட்டிக் காட்டுங்கள். மறு ஆண்டு கேட்காமலே கொடுப்பார்கள்.

உதவித்தொகைகளில் பல, புதிய அணிகளுக்கு என்றே ஒதுக்கப்பட்டவை. இரண்டாம் ஆண்டில் அந்தக் கதவு மூடிக்கொள்ளும். ஆகவே முதல் ஆண்டில் திரட்டியதில் ஒரு பகுதியை, அடுத்த ஆண்டின் பதிவுக்கென்று எடுத்து வைத்துவிட வேண்டும். பளபளப்பான பாகங்களைக் கண்டு அதையும் செலவழிப்பது விதைநெல்லைக் குத்தித் தின்பது போன்றது.

படி 4: மாணவர்களைச் சேர்த்தல்

பதினைந்து முதல் இருபது பேர் போதும். அறிமுகக் கூட்டத்துக்கு அறுபது பேர் வந்தால் மகிழ்ச்சிதான், ஆனால் மூன்று துளைக் கருவிகளும் இரண்டு மடிக்கணினிகளும் உள்ள அறையில் அறுபது பேருக்கு வேலை கொடுக்க முடியாது. சும்மா நிற்கும் மாணவர் இரண்டு வாரத்தில் வருவதை நிறுத்திவிடுவார், அந்தக் கசப்பு நண்பர்களிடமும் பரவும்.

எண்ணிக்கையைவிட வகுப்புக் கலவை முக்கியம். குறைந்தது பாதிப் பேர் ஒன்பதாம், பத்தாம் வகுப்பினராக இருக்கட்டும். கல்லூரி விண்ணப்பத்தில் எழுத ஒரு தலைவர் பதவி வேண்டும் என்பதற்காகப் பதினொன்றாம் வகுப்பின் பாதியில் வந்து சேரும் பிள்ளைகளும், அவர்களை அனுப்பும் பெற்றோரும் நம்மிடையே குறைவில்லை. அவர்களை விலக்க வேண்டாம். பதவியை மட்டும் வந்தவுடன் கொடுக்காமல், ஒரு பருவம் உழைத்தபின் சக மாணவர்கள் தரும்படி விதி எழுதி வையுங்கள்.

கட்டுமானம், மின் இணைப்பு, நிரல், கணினி வடிவமைப்பு (பாகங்களைக் கணினித் திரையில் வரைந்து வடிவமைப்பது), நிதியும் விளம்பரமும் என்று ஐந்து பிரிவுகள் வழக்கம். முதல் இரண்டு மாதம் எல்லோரும் எல்லாப் பிரிவிலும் சுழலட்டும். அப்படிச் சுழற்றாவிட்டால் என்ன நடக்கும் என்பது எல்லா அணியிலும் கண்ட கதை: நிரல் தெரிந்த பையன்கள் மூலையில் மடிக்கணினியோடு அமர்ந்துவிடுவார்கள், பெண்களைக் கேட்காமலே விருது விண்ணப்பம் எழுதும் வேலைக்குத் தள்ளிவிடுவார்கள். நன்றாக எழுதுகிறாள் என்ற பாராட்டோடு ஒரு பெண் துளைக் கருவியிடமிருந்து விலக்கப்படுவதை மென்டர்கள் கவனித்துத் தடுக்க வேண்டும்.

படி 5: செப்டம்பர் முதல் டிசம்பர் வரை

இந்த நான்கு மாதங்களே அணியின் உண்மையான முதல் பருவம். அருகிலுள்ள பழைய அணி ஒன்றைத் தேடிப்போய், அவர்களுடைய பழைய ரோபோவின் அடித்தளத்தைக் கடனாகக் கேளுங்கள். கூச்சப்பட வேண்டியதில்லை, போட்டியில் எதிரே நிற்கும் அணிக்கும் உதவுவதே எஃப்ஆர்சியின் மரபு. எம்ஐடி பேராசிரியர் வுடி ஃபிளவர்ஸ் அந்தப் பண்பாட்டை வளர்ப்பதற்காகவே பல ஆண்டுகள் உழைத்தார், அதை எல்லாப் போட்டிக் களத்திலும் இன்றும் காணலாம். இலையுதிர் காலத்தில் நடக்கும் பருவம் சாராப் போட்டிகளுக்கு அணியைப் பார்வையாளராகவோ தன்னார்வலராகவோ கூட்டிப் போங்கள். ஒரு நாள் அங்கே நின்றவர்களுக்கு ஜனவரியில் விளக்க வேண்டியவை பாதியாகக் குறையும்.

கடன் வாங்கிய அடித்தளத்தை முழுவதும் கழற்றித் திரும்பப் பூட்டும் பயிற்சியைக் கொடுங்கள். அதில் அதிக நேரம் ஒதுக்க வேண்டியது மின் இணைப்புக்கு. எஃப்ஆர்சி ரோபோ 12 வோல்ட் ஈய-அமில பேட்டரியில் ஓடுகிறது. சுமார் ஆறு கிலோ எடையுள்ள அதை வயரைப் பிடித்துத் தூக்கக் கூடாது என்பதே முதல் பாடம். பேட்டரி முனையில் வயரைப் பூட்டும் போல்ட்டை இறுக்கியபின் அந்த முனைத்துண்டைக் கையால் அசைத்துப் பாருங்கள். சிறிதும் திரும்பக் கூடாது. திரும்பினால், ஆட்டத்தின் நடுவே மோதலில் இணைப்பு அரை நொடி விட்டுப்போகும், ரோபோவின் கணினி மறுபடி தொடங்கும், அதற்குள் ஆட்டத்தின் பெரும்பகுதி போய்விடும். கிரிம்ப் செய்த, அதாவது உலோக முனையை நசுக்கிப் பொருத்திய, ஒவ்வொரு வயரையும் இழுத்துப் பார்ப்பது, துளையிடும்போது உலோகத் துகள் மின்பலகைமீது விழாமல் துணி போர்த்துவது, எந்நேரமும் பாதுகாப்புக் கண்ணாடி அணிவது ஆகிய மூன்றும் நவம்பருக்குள் கைப்பழக்கமாகிவிட வேண்டும்.

நிரலுக்கு ஜாவா, சி++, பைத்தான் ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். வொர்செஸ்டர் பாலிடெக்னிக் நிறுவனத்தில் உருவான டபிள்யூபிஐலிப் என்ற ஆயத்த நிரல் தொகுப்பு இவற்றுக்கு ஆதாரம். பள்ளியில் கணினி வகுப்பு எந்த மொழியில் நடக்கிறதோ, பக்கத்து அணி எதைப் பயன்படுத்துகிறதோ, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவு செய்துவைக்கும் கிட் (Git) மென்பொருளில் அதைச் சேமிக்கும் பழக்கத்தையும் இப்போதே ஏற்படுத்த வேண்டும், ஒரு மாணவருக்குக் காய்ச்சல் வந்தால் ரோபோவும் படுத்துவிடக் கூடாது அல்லவா.

படி 6: விளையாட்டு அறிவிக்கப்பட்ட வாரம்

அறிவிப்பு வந்த மறுநொடியே, பிடிக்கும் கை எப்படியிருக்க வேண்டும் என்று மாணவர்கள் வரையத் தொடங்குவார்கள். அதை இரண்டு நாள் தடுத்து நிறுத்துவது மென்டரின் முதல் கடமை. எல்லோரும் விதிநூலை முழுவதும் படிக்கட்டும். படித்தார்களா என்று ஒரு சிறு தேர்வு வைப்பதும் தகும். பிறகு உடற்பயிற்சிக் கூடத்தில் களத்தைச் சுண்ணக்கட்டியால் வரைந்து, மாணவர்களே ரோபோக்களாக நடந்து ஆட்டத்தை ஆடிப் பார்க்கட்டும். ஓர் ஆட்டத்தில் யதார்த்தமாக எத்தனை முறை புள்ளி எடுக்க முடியும் என்பது அப்போது தெரிந்துவிடும்.

இந்த இடத்தில் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தைச் சேர்ந்த 1114 எண் அணியான சிம்பாட்டிக்ஸின் நீண்டகால மென்டர் கார்த்திக் கனகசபாபதியைக் குறிப்பிட வேண்டும். வியூகத்தைப் பற்றி அவர் ஆற்றிவந்த உரை எஃப்ஆர்சி உலகில் ஏறத்தாழப் பாடநூலாகிவிட்டது. அவர் வலியுறுத்தும் முதல் விதி, அணியின் எல்லைக்குள் நின்று கட்டுங்கள் என்பது. இரண்டாவதை அவர் ஒரு கணக்காகச் சொல்கிறார். உங்கள் அணிக்கு மொத்தம் 30 அலகு ஆற்றல் இருக்கிறது, ஒரு செயலுக்கு அதிகபட்சம் 10 அலகு செலவிடலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து செயல்களை ஆறு ஆறாகச் செய்யும் ரோபோவைவிட, மூன்று செயல்களைப் பத்துக்குப் பத்தாகச் செய்யும் ரோபோவே வெல்லும். புதிய அணிக்கு 30 அலகும் இருக்காது. பன்னிரண்டோ பதினைந்தோ இருக்கும் என்று நேர்மையாக ஒப்புக்கொண்டால், வேலைப்பட்டியல் தானாகச் சுருங்கும்: நன்றாக ஓட வேண்டும், ஒரு வழியில் மட்டும் புள்ளி எடுக்க வேண்டும், தானியங்கி நேரத்தில் எளிய ஒரு நகர்வைத் தவறாமல் செய்ய வேண்டும்.

வடிவமைப்பைச் சுழியிலிருந்து தொடங்க வேண்டிய அவசியமும் இல்லை. கிட்டோடு வரும் அடித்தளத்தையே பயன்படுத்துங்கள். அதன்மேல் கட்டக்கூடிய எளிய வடிவமைப்பை ஃபர்ஸ்ட் அமைப்பே அண்மைய ஆண்டுகளில் வெளியிட்டு வருகிறது. நாசாவின் ஜான்சன் விண்வெளி மையத்தோடு தொடர்புடைய 118 எண் அணியான ரோபோநாட்ஸ், எளிய கருவிகள் மட்டுமே உள்ள அணிகளும் கட்டும்படி எவ்ரிபாட் என்ற ரோபோவை ஆண்டுதோறும் வடிவமைத்து வரைபடங்களோடு தருகிறது. அதைப் பார்த்துக் கட்டுவது காப்பியடிப்பதாகாதா என்று மாணவர்கள் கேட்பார்கள். ஆகாது. முழுமையாக இயங்கும் ஒன்றை முதலில் கட்டி முடித்தவர்களுக்கே அதில் எதை மேம்படுத்தலாம் என்பது தெரியும்.

சக்கரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே திரும்பும் ஸ்வெர்வ் டிரைவ் இப்போது எல்லோர் வாயிலும் அடிபடுகிறது. நான்கு மாட்யூல்களும் மோட்டார்களும் சேர்ந்தால் இரண்டாயிரம் டாலரைத் தாண்டிவிடும். அளவுத் திருத்தமும் நிரலும் தனித் தலைவலி. முதல் ஆண்டில் வேண்டவே வேண்டாம்.

படி 7: கட்டும் வாரங்கள்

முன்பு ஆறு வாரம் முடிந்ததும் ரோபோவைப் பையில் போட்டு முத்திரையிட வேண்டும் என்ற விதி இருந்தது. 2020 பருவம் முதல் அது நீக்கப்பட்டது. அதனால் இப்போது போட்டி நாள் வரை கட்டலாம், அதாவது போட்டி நாள் வரை உறங்காமலும் இருக்கலாம். முத்திரை நாள் இல்லாத குறையை அணியே ஒரு நாளைக் குறித்துத் தீர்த்துக்கொள்ள வேண்டும்: முதல் போட்டிக்கு இரண்டு வாரம் முன்பு கட்டுமானம் நிற்கும், அதன்பின் ஓட்டுநர் பயிற்சியும் பழுதுபார்ப்பும் மட்டுமே. ஓட்டிப் பழகாத சிறந்த ரோபோவை, நன்கு ஓட்டிப் பழகிய எளிய ரோபோ பெரும்பாலும் வென்றுவிடுகிறது.

முதல் வாரத்தில் மரத்துண்டும் அட்டையும் கொண்டு மாதிரிகள் செய்து பார்க்கட்டும். இரண்டாம் வார முடிவில் அடித்தளம் தரையில் ஓட வேண்டும். நான்காம் வாரத்தில் புள்ளியெடுக்கும் பாகம் அதன்மேல் ஏறியிருக்க வேண்டும். எடையைத் தொடக்கத்திலிருந்தே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 2024 வரை 125 பவுண்டாக இருந்த வரம்பு 2025இல் 115 பவுண்டாகக் குறைந்தது, ஆகவே பழைய அணி சொல்லும் எண்ணை நம்பாமல் அந்தந்த ஆண்டின் விதிநூலைப் பாருங்கள்.

புதிய அணிகள் பெரும்பாலும் தள்ளிப்போடுவது, ரோபோவைச் சுற்றிக் கட்டும் மோதல் காப்பான பம்பரை. பலகைமீது நுரையை வைத்து, உறுதியான துணியை இழுத்துப் போர்த்தி, அணி எண் எழுதி, சிவப்பும் நீலமுமாகத் தயாரிக்க வேண்டிய இது தையல் வேலைபோலத் தோன்றுவதால் யாரும் முன்வருவதில்லை. ஆனால் பம்பர் சரியில்லாத ரோபோவைக் களத்தில் இறக்க விடமாட்டார்கள். மூன்றாம் வாரத்திலேயே இருவரிடம் அதை ஒப்படைத்துவிடுங்கள்.

வாரநாள் மாலைகளில் மூன்று மணி நேரமும் சனிக்கிழமை முழுநாளும் போதுமானவை. மதிப்பெண் குறைந்தால் அந்த மாணவர் இரண்டு வாரம் வரமாட்டார் என்பதை முன்கூட்டியே பெற்றோருக்குச் சொல்லிவிடுங்கள். சனிக்கிழமைச் சாப்பாட்டுக்குப் பெற்றோர் முறைவைத்துக்கொள்வது நல்லது. எலுமிச்சைச் சாதமும் பீட்சாவும் ஒரே மேசையில் இருக்கும் பட்டறையில், தம் பிள்ளையை இறக்கிவிட்டு ஓடும் பெற்றோரும் ஐந்து நிமிடம் நிற்பார்கள். அடுத்த மென்டர் பெரும்பாலும் அந்த ஐந்து நிமிடத்தில்தான் கிடைப்பார்.

படி 8: முதல் போட்டி

போய்ச் சேர்ந்ததும் ரோபோ சோதனைக்கு வரிசையில் நில்லுங்கள். எடை, அளவு, பம்பர், வயரிங் எல்லாவற்றையும் பார்த்துக் குறைகளைச் சொல்வார்கள். சோதகர்கள் உங்களைத் தோற்கடிக்க வந்தவர்கள் அல்லர், களத்துக்குள் அனுப்ப வந்தவர்கள். பட்டியலை வாங்கி ஒவ்வொன்றாகத் தீர்த்துக்கொண்டே போங்கள். ஒரு பாகம் குறைந்தால் அறிவிப்பாளரிடம் சொன்னால் போதும், முன்பின் அறியாத அணிகள் கொண்டுவந்து கொடுக்கும்.

பயிற்சி ஆட்டங்கள் ஒன்றையும் தவறவிடாதீர்கள். ஆட்டத்துக்கு ஆட்டம் பேட்டரியை மாற்றி, எது எப்போது சார்ஜ் ஆனது என்பதை ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டுங்கள். மீட்டரில் நன்றாகத் தெரியும் பழைய பேட்டரிகூட எல்லா மோட்டார்களும் ஒருசேர இழுக்கும்போது சரியும். மின்னழுத்தம் 7 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும் நிலை வந்தால் ரோபோவின் கணினி தன்னைக் காத்துக்கொள்ள மோட்டார்களை நிறுத்தும், மேடையில் நிற்கும் மாணவர்களுக்கு நிரல் கெட்டுவிட்டதாகத் தோன்றும்.

தகுதிச் சுற்றுக்குப் பின் நடக்கும் கூட்டணித் தேர்வை முதல் முறை செல்லும் அணிகள் பெரும்பாலும் புரிந்துகொள்வதில்லை. முன்னணியில் உள்ள எட்டு அணிகள் தலைமையேற்று, ஒன்றிலிருந்து எட்டு வரை வரிசையாக ஓர் அணியையும், பிறகு எட்டிலிருந்து ஒன்று வரை திரும்பிவந்து மற்றோர் அணியையும் தேர்வு செய்யும். அந்த இரண்டாம் சுற்றில்தான் புதிய அணிக்கு இடமுண்டு. அங்கே தலைவர்கள் தேடுவது அதிகப் புள்ளி எடுப்பவரை அன்று. எல்லா ஆட்டத்திலும் நகர்ந்த, தண்டனைப் புள்ளி வாங்காத, எதிரணியை மறித்து நிற்கத் தெரிந்த ரோபோவை. அதனால் வெள்ளிக்கிழமை மாலையே உங்கள் மாணவர் இருவர், ஆட்டக் கணக்கை ஒரு தாளில் எடுத்துக்கொண்டு முன்னணி அணிகளின் இடத்துக்குப் போய்ப் பேச வேண்டும். ஒவ்வோர் ஆட்டத்திலும் ஓடினோம் என்று உண்மையாகச் சொல்ல முடிந்தால், வேறு விளம்பரம் தேவைப்படாது.

படி 9: மே முதல் ஆகஸ்ட் வரை

போட்டி முடிந்த இரண்டு வாரத்துக்குள், நினைவு மங்குவதற்குமுன், ஒவ்வொரு பிரிவும் தான் செய்ததை எழுதி வைக்கட்டும். பாகங்களை எங்கே வாங்கினோம், எது உடைந்தது, எந்த வேலைக்கு நினைத்ததைவிட இரு மடங்கு நேரம் பிடித்தது, யாரிடம் என்ன உதவி கேட்டோம் என்பவை இருந்தால் போதும். அடுத்த ஆண்டின் பிரிவுத் தலைவர்களை மே மாதமே தேர்ந்தெடுத்து, ஓய்வு பெறும் தலைவர் பக்கத்தில் நிற்கப் புதியவர் கோடைப் பயிற்சியை நடத்தட்டும். ரோபோவை உடனே பிரித்துவிடாதீர்கள். நிதி தந்தவர்களுக்கும் நடுநிலைப் பள்ளிகளுக்கும் காட்ட அது வேண்டும்; இலையுதிர் காலத்தில் புதிய மாணவர்கள் ஓட்டிப் பழகவும் அதுவே வேண்டும்.

படி 10: இரண்டாம், மூன்றாம் ஆண்டுகள்

இரண்டாம் ஆண்டில் பல அணிகள் முதலாண்டைவிட மோசமாக ஆடுகின்றன. முதல் ஆண்டு கிடைத்த பாராட்டால் துணிவு வளர்ந்திருக்கும், திறமை அந்த அளவுக்கு வளர்ந்திருக்காது, உதவித்தொகையும் குறைந்திருக்கும். ஆகவே இரண்டாம் ஆண்டில் ஒரே ஒரு புதிய திறனை மட்டும் சேருங்கள். என் தேர்வு கணினி வடிவமைப்பு. ஆன்ஷேப் போன்ற மென்பொருள் மாணவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. அறுப்பதற்கு முன்பே எல்லாப் பாகமும் திரையில் பொருந்திவிட்டால் அலுமினியமும் மிஞ்சும், சண்டையும் குறையும். ஸ்வெர்வ் டிரைவ் வேண்டுமென்றால், இரண்டாம் ஆண்டின் கோடையில் வாங்கி, போட்டியில்லாத மாதங்களில் பழகி, மூன்றாம் ஆண்டில் இறக்குங்கள்.

இதே காலத்தில் நடுநிலைப் பள்ளியில் ஒரு சிறு ரோபாட்டிக்ஸ் குழுவை உங்கள் மாணவர்களே நடத்தத் தொடங்க வேண்டும். இதை விருதுக்கான சேவை என்று மட்டும் எண்ணும் அணிகள் பாதியில் விட்டுவிடுகின்றன. அங்கே இன்று ஏழாம் வகுப்பில் இருப்பவர்தான், தொடங்கியவர்கள் போனபின் இந்த அணியின் மின்பலகையை இணைக்கப் போகிறவர்.

மூன்றாம் ஆண்டில் தொடக்கக் கூட்டத்தார் விடைபெறும் மே மாதத்துக்கு முன் கைமாற்ற வேண்டியவற்றைச் சரிபாருங்கள். ஃபர்ஸ்ட் தளத்தின் நிர்வாகக் கணக்கு, பாகங்கள் வாங்கும் கடைகளின் கணக்குகள், நிரல் சேமிப்பிடத்தின் உரிமை, அணியின் மின்னஞ்சல் கடவுச்சொல், பூஸ்டர் கிளப் காசோலையில் கையெழுத்திடும் அதிகாரம், அறைச் சாவி ஆகியவை எவரேனும் ஒரு மாணவரின் அல்லது பெற்றோரின் தனிப் பெயரில் இருந்தால், அவை பள்ளியின் பொறுப்பாளர் பெயருக்கோ அடுத்த ஆண்டும் இருக்கப் போகும் மென்டர் பெயருக்கோ மாற வேண்டும். நிதி தந்த ஒவ்வொரு நிறுவனத்திலும் தொடர்பாளர் யார் என்ற பட்டியலைப் புதிய தலைவரிடம் கொடுத்து, அவரையே அந்த ஆண்டின் நன்றிக் கடிதங்களை எழுதச் சொல்லுங்கள். கடிதத்தோடு நேரில் போய் அறிமுகமாகி வந்துவிட்டால், செப்டம்பரில் அவர் கேட்கப் போகும்போது அந்நியராக இருக்கமாட்டார்.